திறந்த மேடையும் ஒரே வகை முகங்களும்
மாத்யூ ஹிண்ட்மனின் ஆய்வை முன்வைத்து

இணையத்தில் எவரும் எழுதலாம் என்பது உண்மை. எழுதும் எவரும் வாசிக்கப்படுவர் என்பதோ அதிலிருந்து பிறக்காத முடிவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிய மயக்கம் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க அரசியல் வலைப்பதிவுகளைச் சூழ்ந்து நின்றது. செனட்டர் டிரென்ட் லாட் 2002 டிசம்பரில் தம் கட்சித் தலைமைப் பொறுப்பைத் துறக்க நேர்ந்ததில் வலைப்பதிவர்களுக்குப் பங்கிருந்தது. 2004இல் பாஸ்டனில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட வலைப்பதிவர்கள் செய்தியாளர்களுக்குரிய அனுமதியுடன் அமர்ந்தனர். பத்திரிகை முதலாளிகளின் பிடியிலிருந்து கருத்துலகம் விடுபட்டு, சாமானியன் பேசத் தொடங்கிவிட்டான் என்று அன்று பலரும் எழுதினர்.

அந்தச் சாமானியன் யார் என்று கேட்டவர்களுள் அரசியல் அறிஞர் மாத்யூ ஹிண்ட்மன் முக்கியமானவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'இணைய ஜனநாயகம் எனும் கட்டுக்கதை' என்ற அவரது நூலில் வலைப்பதிவர்களைப் பற்றிய அத்தியாயமே மிகவும் கூர்மையானது. அதிகம் வாசிக்கப்படும் அரசியல் வலைப்பதிவுகளைத் தெரிந்தெடுத்து, அவற்றை எழுதுவோரின் கல்வி, தொழில், பால், இனம் ஆகியவற்றை அவர் விசாரித்தார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெள்ளை இன ஆண்கள். சட்ட அறிஞர்கள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள். அமெரிக்காவின் உயர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்கள். யாரை வீழ்த்த வந்தவர்கள் என்று இவர்கள் போற்றப்பட்டார்களோ, அந்த நாளேட்டுப் பத்தியாளர்களைவிட இவர்கள் மேட்டுக்குடிக் கல்வியில் ஒரு படி மேலே இருந்தனர் என்பது நூலின் மிகக் கசப்பான கண்டுபிடிப்பு.

பெயர்களை நோக்கினாலே இது விளங்கும். கிளென் ரெனால்ட்ஸ் யேலில் சட்டம் பயின்ற சட்டப் பேராசிரியர். ஜோஷ் மார்ஷல் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆண்ட்ரூ சல்லிவன் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் பயின்று, புகழ்பெற்ற வார இதழொன்றின் ஆசிரியராக இருந்தவர். இவர்களின் எழுத்தாற்றலை நாம் மறுக்கவில்லை. சாமானியர் என்ற பட்டத்தையே மறுக்கிறோம்.

ஹிண்ட்மனின் முடிவுக்கு எதிராக ஒரு வாதம் எழுவது இயல்பு. வலைப்பதிவு எழுதுவோரே பெரும்பாலும் வெள்ளை ஆண்களாயின், உச்சியில் இருப்போரும் அவ்வாறே இருப்பதில் வியப்பென்ன என்பது அது. பியூ ஆய்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட அறிக்கை இவ்வாதத்தை வேரோடு சாய்க்கிறது. அமெரிக்க இணையப் பயனர்களுள் வெள்ளையர் 74 விழுக்காடு. வலைப்பதிவர்களுள் அவர்கள் 60 விழுக்காடே. பதிவர்களுள் கறுப்பினத்தவர் 11 விழுக்காடு, ஆங்கிலம் பேசும் ஹிஸ்பானியர் 19 விழுக்காடு. ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம். ஆக, அடிவாரம் பன்முகமானது, சிகரமே ஒருமுகமானது. இடையில் எங்கோ ஒரு சல்லடை இருக்கிறது. அதே அறிக்கையின்படி பதிவர்களுள் 11 விழுக்காட்டினரே அரசியலைத் தம் முதன்மைப் பொருளாகக் கொண்டவர்கள் என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். எனினும் அது மட்டுமே இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்கிவிடாது.

அச்சல்லடையின் பெயர் இணைப்பு. கிளே ஷிர்க்கி 2003இல் எழுதிய கட்டுரையில், 433 வலைப்பதிவுகளுள் முதல் பன்னிரண்டு மட்டுமே மொத்த இணைப்புகளில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றிருந்ததைக் காட்டினார். புதிதாக வருபவர் ஏற்கெனவே அறியப்பட்டவரைச் சுட்டுகிறார். தேடுபொறி அதிகம் சுட்டப்பட்டவரை மேலே வைக்கிறது. மேலே இருப்பவர் மேலும் சுட்டப்படுகிறார். இங்கு யாரும் யாரையும் விலக்கவில்லை. ஆயினும் விலக்கப்பட்டோர் இருக்கின்றனர். ஷிர்க்கி இதனைத் தவிர்க்கவியலாத இயல்பென ஏற்றுக்கொண்டார். ஹிண்ட்மன் அதனை அதிகாரப் பிரச்சினையாகக் கண்டார். நம் கருத்தில் ஹிண்ட்மனே சரி. காவலாளி நிற்கும் வாசலில் அவனோடு வாதிடலாம். காவலாளி இல்லை என்று சொல்லப்படும் வாசலில், நுழைய முடியாதவன் தன் தகுதியின்மையையே காரணமாக ஒப்புக்கொள்ள வேண்டியவனாகிறான்.

2006 செப்டம்பரில் முன்னாள் அதிபர் பில் கிளின்டன் தம் அலுவலகத்தில் முற்போக்கு வலைப்பதிவர்கள் சுமார் இருபது பேருக்கு விருந்தளித்தார். அலுவலகம் இருந்ததோ கறுப்பின மக்களின் பண்பாட்டுத் தலைநகரான ஹார்லெமில். எடுக்கப்பட்ட புகைப்படத்தில் ஒரு கறுப்பினப் பதிவர்கூட இல்லை. கண்டனங்கள் எழுந்தபோது, விருந்தினர் பட்டியல் எவரையும் விலக்கும் எண்ணத்தோடு தயாரிக்கப்படவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். எண்ணமே இல்லாமல் இது நிகழ்ந்தது என்பதுதான் கவலைக்குரியது.

இவ்வளவும் சொன்ன பின், நூலின் குறைகளையும் நோக்க வேண்டும். முதலாவது, ஹிண்ட்மன் சிகரத்தை மட்டுமே அளந்தார். லூசியானா மாநிலத்தின் ஜீனா என்னும் சிற்றூரில், வெள்ளை மாணவன் ஒருவனைத் தாக்கியதாகப் பிடிபட்ட ஆறு கறுப்பின இளைஞர்களுள் ஐவர் மீது தொடக்கத்தில் கொலைமுயற்சிக் குற்றம் சுமத்தப்பட்டது. 2007 செப்டம்பர் 20 அன்று ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டனர். அவர்களைத் திரட்டியதில் கறுப்பின வானொலிகளோடு கறுப்பினச் சிறு வலைப்பதிவுகளின் பங்கும் பெரியது. முதல் வரிசைப் பட்டியல் எதிலும் அவை இடம்பெற்றிருக்கவில்லை. வாசகர் எண்ணிக்கை ஒன்றே செல்வாக்கின் அளவுகோல் அன்று என்பதை ஜீனா உணர்த்தியது. அமெரிக்க முஸ்லிம்களும் இவ்வாறே தமக்கென ஒரு வட்டத்தை அமைத்தனர். ஷாஹித் அமானுல்லாஹ் 2001இல் தொடங்கிய 'ஆல்ட்முஸ்லிம்' தளமும், 2004இல் தொடங்கிய 'பிராஸ் கிரசன்ட்' விருதுகளும் அதன் சான்றுகள். அவ்வட்டத்துள் விவாதம் செழித்தது. வெளியே அது எவ்வளவு கேட்டது என்பது வேறு கேள்வி.

இரண்டாவது குறை ஆழமானது. இனமும் பாலும் எண்ணப்படுகின்றன, கருத்து எண்ணப்படவில்லை. முதல் வரிசையில் இடம்பெற்ற மிகச் சில பெண்களுள் ஒருவர் மிஷெல் மால்கின், பிலிப்பைன்ஸிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகள். கணக்கெடுப்பில் அவர் இரு முறை பன்முகத்தன்மைக்குச் சான்றாவார். அவரே 2004இல், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்ததை நியாயப்படுத்தி நூல் எழுதினார். பயங்கரவாத எதிர்ப்பின் பெயரால் மக்களை இனவாரியாகச் சந்தேகிப்பதை ஆதரிக்கவே அந்த வரலாற்றை அவர் துணைக்கழைத்தார். 2001க்குப் பின் விமான நிலைய வரிசைகளில் தனியே நிறுத்தப்பட்ட ஒரு முஸ்லிமுக்கு, தன்னைச் சந்தேகிக்கச் சொல்பவர் வெள்ளை ஆணா ஆசியப் பெண்ணா என்பது எவ்வகையில் ஆறுதலளிக்கும்? இதற்கு நேர் எதிராக, ஈராக் போரைத் தொடக்கத்திலேயே எதிர்த்தவர்களுள் வெள்ளையினப் பேராசிரியர்களும் இருந்தனர். 'டெய்லி கோஸ்' தளத்தின் மார்கோஸ் மௌலிட்சாஸ் கிரேக்கத் தந்தைக்கும் எல் சால்வடார் தாய்க்கும் பிறந்து, இளமையின் ஒரு பகுதியை அந்நாட்டின் உள்நாட்டுப் போருக்கிடையே கழித்தவர். அவரை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

இதனால் எண்ணுவதே வீண் என்றாகிவிடாது. எண்ணியிராவிட்டால் கட்டுக்கதை நிலைத்திருக்கும். ஆனால் எண்ணிக்கை கேள்வியைத் தொடங்கி வைக்குமேயன்றி முடித்து வைக்காது.

ஹிண்ட்மன் எழுதி முடித்தபின் நிகழ்ந்தவையும் அவர் பக்கமே சாய்கின்றன. எஸ்ரா கிளைன் போன்ற இளம் பதிவர்கள் பேரிதழ்களால் உள்ளிழுக்கப்பட்டனர். கிளைன் 2009இல் வாஷிங்டன் போஸ்ட்டில் சேர்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பை நிறைவு செய்யாத கறுப்பின எழுத்தாளர் டா-நஹாசி கோட்ஸ் அத்தலைமுறையின் வலிமைமிக்க குரல்களுள் ஒன்றானார். ஆனால் அக்குரல் நாடு முழுவதும் எட்டியது, 1857இல் நிறுவப்பட்ட 'தி அட்லாண்டிக்' இதழின் தளத்தில் அவர் 2008 முதல் எழுதத் தொடங்கிய பின்னரே. அவரைக் கண்டெடுத்து மேடையேற்றியது கதவற்ற இணையமன்று. பழைய கதவொன்றைத் திறந்துவிட்ட ஆசிரியர் குழுவே.