ஹூடினி ஏன் ஏமாந்தார்?

ஹூடினி என்றதும் கைவிலங்கும் பூட்டிய பெட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஆரம்ப காலத்தில் அவர் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது 'சீட்டுகளின் ராஜா' என்று. எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று தடவை காட்டினால் போதும், ரகசியத்தைச் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய சவால்.

1922-ல் சிகாகோவில் ஒரு ஓட்டலில் அந்தச் சவால் உடைந்தது. எதிரே டாய் வெர்னன், வயது 27. ஒரு சீட்டில் ஹூடினி தன் இனிஷியலை எழுதிக் கொடுத்தார். வெர்னன் அதை மேலிருந்து இரண்டாவதாகச் செருகிவிட்டு மேல் சீட்டைத் திருப்பினார். அதே சீட்டு! மறுபடியும் செருகினார், மறுபடியும் மேலே. ஏழு தடவை பார்த்தும் ஹூடினிக்குப் பிடிபடவில்லை என்று சொல்வார்கள். 'ஹூடினியை ஏமாற்றியவர்' என்பதே பிறகு வெர்னனின் விளம்பர வாசகம் ஆனது.

இதைத் தலைக்கனத்துக்குக் கிடைத்த தண்டனையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹூடினியின் கணக்கு சரியான கணக்குதான். ஒரே வித்தையை ஒருவருக்கே திரும்பக் காட்டாதே என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். முதல் தடவை எங்கே பார்ப்பது என்று தெரியாது. இரண்டாம் தடவை தெரிந்துவிடும்.

பிறகு எங்கே சறுக்கியது? இந்த வித்தையின் அடிப்படை உத்தி இன்று ஆரம்பப் புத்தகங்களிலேயே இருக்கிறது: இரண்டு சீட்டை ஒன்றுபோலச் சேர்த்துத் திருப்புவது. அப்போது இரண்டாவதாக இருக்கும் சீட்டுதான் மேல் சீட்டு மாதிரி தெரியும். இரண்டையும் கவிழ்த்துவிட்டு, மேலே உள்ளதை மட்டும் எடுத்துக் கீழே செருகினால், நம்ம சீட்டுதான் உள்ளே போகுதுன்னு நினைப்போம். போவது வேறு சீட்டு. அதாவது, சீட்டு 'ஏறும்' என்று நாம் காத்திருக்கும் நொடியில் எதுவுமே நடப்பதில்லை. அந்த நொடியை எத்தனை தடவை உற்றுப் பார்த்தால் என்ன?

இனிஷியல் விஷயம் இன்னும் அழகு. அதே மாதிரி இன்னொரு சீட்டு ஒளிந்திருக்கிறது என்றுதான் தொழில் தெரிந்தவர் முதலில் சந்தேகப்படுவார். அந்த வழியை ஹூடினியின் கையெழுத்தே அடைத்துவிட்டது.

'ரகசியம் இதுதான்' என்று முடிக்கும் யூடியூப் வீடியோக்களில் எனக்குள்ள குறையும் இதுதான். ரகசியம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஹூடினி மாதிரி ஆளை எந்தப் பக்கம் பார்க்க வைத்தார் வெர்னன் என்பதை அவை சொல்வதே இல்லை.