பைபாஸில் போகிற காரை ஊருக்குள் திருப்புவது எது?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் ஒதுக்கிவிட்டுப் பைபாஸில் போகத் தொடங்கிய பிறகு, ஊருக்குள் இருக்கும் கடை வெளியூர்க்காரர் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. சிறு வியாபாரிக்கு இணையம் எதற்கு என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். எல்லோரும் ரீல்ஸ் போடுகிறார்கள், நாமும் போடுவோம் என்பது அதற்குப் பதிலாகாது.

திண்டிவனத்தில் இருக்கும் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை வைத்துப் பார்ப்போம். மல்லாட்டை எனும் நிலக்கடலையும் எள்ளும் விளைகிற பூமி இது, டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் எண்ணெய் கனமானது, கசியக்கூடியது. ஒரு லிட்டரைக் கோவைக்குக் கூரியரில் அனுப்பினால் லாபத்தைக் கூரியர் கட்டணமே தின்றுவிடும். ஆக, இந்தக் கடைக்கு நாடறிந்த பெயர் தேவையில்லை. சுற்றுவட்டாரத்தில் இருப்பவரும் அவ்வழியே போகிறவரும் உள்ளே வந்தால் போதும்.

ரீல்ஸ் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. செக்கு சுற்றுவதை யாரும் ரசித்துப் பார்ப்பார்கள்தான். பார்ப்பவர் மதுரையில் இருந்தால் லைக் வரும், கல்லாவில் காசு விழாது. போதாக்குறைக்கு, 2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது அதில் சேர்த்த கூட்டமெல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போன கதையும் இருக்கிறது. ஆரோவில் பக்கம் ஊதுபத்தியும் பீங்கானும் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஊதுபத்தி எடையில்லாதது, எந்த ஊருக்கும் போகும். பீங்கானுக்கு விலையும் அழகும் உண்டு. அவர்களுக்கு இன்ஸ்டாகிராம் சரியான இடம்.

எண்ணெய்க் கடைக்கு முதலில் வேண்டியது கூகுள் மேப்பில் ஒழுங்கான பதிவு. செலவு கிடையாது. பௌர்ணமிக்குத் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிறவர் காரிலிருந்தே ‘செக்கு எண்ணெய்’ என்று தேடுவார். தேடியதற்குப் பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு ஆகிய மூன்றையும் முக்கியமாக வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தில் உள்ளூர்க் கடையைப் பெரிய கம்பெனியின் விளம்பரப் பணம் வெல்ல முடியாது. சிறியவருக்கு இவ்வளவு சாதகமான களம் வேறு இல்லை. குறையும் உண்டு. விடுமுறை நாளைத் திருத்தாமல் விட்டால், பூட்டிய கடை முன்னால் நின்றவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். கடையின் விவரத்துக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இதே பதிவோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த இணையதள வசதி 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அதை மட்டுமே முகவரியாக அச்சடித்தவர்கள் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

வந்தவரைத் திரும்ப வரவைப்பது மேப்பின் வேலையல்ல. அதற்கு 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் போதும். பொருள் பட்டியலும் விலையும் அதிலேயே வைக்கலாம். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதுவும் கடை எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்ற கட்டுப்பாட்டைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நல்லதாகவே படுகிறது. எண்ணைப் பதிந்துகொண்டவர்தான் வாடிக்கையாளர். மற்றவருக்கு அனுப்பினால் பிளாக் செய்வார்கள். ‘இன்று நல்லெண்ணெய் ஆட்டினோம்’ என்று மாதம் இரண்டு முறை சொன்னால் போதும். தினமும் காலை வணக்கப் பூ அனுப்புகிற கடையை மியூட் செய்யாதவர் யார்?

என் தீர்ப்பு: மேப் முதலில், வாட்ஸ்அப் அடுத்து. இரண்டும் ஒழுங்காக நடக்கிற வரை தனி இணையதளத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். காசு கட்டிப் போடும் விளம்பரத்தைத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், திண்டிவனத்தைச் சுற்றிக் குறுகிய வட்டத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். கங்கா ஸ்நானத்துக்கு எண்ணெய் வாங்கும் நேரம் அது. வாடிக்கையாளர் எண்களை மட்டும், கேட்டு வாங்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். கூகுளோ வாட்ஸ்அப்போ நாளைக்கு விதியை மாற்றினால், கூப்பிட அந்த நோட்டு இருக்கும்.