அனுமதிச் சீட்டில் கடவுளின் கையெழுத்து

திருத்தணியில் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்ப, யாரும் கேள்வி கேட்காத காரணம் ஒன்று உண்டு. ‘வேண்டுதல்’ என்று சொன்னால் போதும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடும் பால்குடத்தோடும் மலையேற வரும் பெண்களில், வருடத்தின் மற்ற நாட்களில் தனியாகப் பேருந்து ஏறாதவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 31 அன்று 365 படிகளுக்கும் பூசை நடக்கும்போது, நள்ளிரவு தாண்டியும் பெண்கள் வெளியே நிற்கிறார்கள். அதற்காக வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே பெண் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, விடுதியில் தங்கப் போகிறேன் என்று சொல்லட்டும். யார் கூட, எத்தனை மணிக்குத் திரும்புவாய், கல்யாணத்துக்கு அப்புறம் என்ன செய்வாய் என்று தொடங்கும் கேள்விகள் ஒரு மாதம் ஓயாது.

இந்த ஊரில் வளர்ந்து, இங்கேயே பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதனால், மதப்பணிக்காக நாடு கடந்து போன இளம்பெண்களின் அன்றாட வாழ்வைப் பற்றி எது கிடைத்தாலும் ஒரு கேள்வியோடுதான் வாசிக்கிறேன். கடவுள் கையெழுத்துப் போட்டால் மட்டும் திறக்கும் கதவு, திறந்த பிறகு அவளை எவ்வளவு தூரம் போக விடுகிறது?

மார்மன் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை எடுத்துக்கொள்வோம். 1830இல் அமெரிக்காவில் தொடங்கிய சபை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1993 முதல் இந்தியாவிலும் அதற்கு ஒரு மிஷன் இயங்குகிறது. இச்சபையில் இளைஞர்கள் படிப்பையும் வேலையையும் நிறுத்திவைத்து, சபை அனுப்பும் ஊருக்குப் போய் ஊழியம் செய்கிறார்கள். எந்த நாடு என்பதைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் கையில் இல்லை. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். மணமாகாத பெண்களுக்கு இந்தக் கதவு முதலில் திறந்தது 1898இல். இனஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற இருவர் இங்கிலாந்துக்குப் போனார்கள். அதற்கு முன்பு வெளிநாடு போன பெண்கள் பெரும்பாலும் ஊழியக்காரரின் மனைவியாகப் போனவர்கள்.

அந்தப் பெண்ணின் ஒரு நாள் இப்படிப் போகும். காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, ஜெபம், வேதவாசிப்பு, போயிருக்கும் நாட்டின் மொழிப் பயிற்சி. பிறகு தெரு. வீடு வீடாக, ஆள் ஆளாகப் பேச வேண்டும். பெரும்பாலான கதவுகள் மூடிக்கொள்ளும். இரவு பத்தரைக்குப் படுக்கை. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு எழுத. மார்பில் பெயர்ப்பட்டை. அதில் ‘சிஸ்டர்’ என்பதோடு குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். அப்பா அம்மா வைத்த பெயர் 18 மாதத்துக்கு மறைந்துவிடும். 2019 பிப்ரவரி வரை வீட்டோடு தொலைபேசியில் பேசும் வழக்கம் வருடத்துக்கு இரண்டு முறைதான்: கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். முழுக்கால்சட்டை அணியலாம் என்ற அனுமதி பெண்களுக்கு வந்ததே 2018இன் கடைசியில்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: தனியாக இருக்கக் கூடாது. சபை நியமித்த கூட்டாளி ஒருத்தி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். குளியலறை தவிர எங்கும் பிரியக் கூடாது.

இந்த அட்டவணையை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, “இது எங்க ஹாஸ்டல் ரூல்ஸ் மாதிரியே இருக்கு மேம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நம் வீடுகளில் இந்த விதிக்கு ‘துணை’ என்று பெயர். கடைக்குப் போகும் இருபது வயது அக்காவுக்குத் துணையாக எட்டு வயதுத் தம்பியை அனுப்புகிறோம். அவன் அவளைக் காப்பாற்ற மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் கண் போதும். துணை என்ற சொல்லுக்குள் காவலும் வேவும் சேர்ந்தே இருக்கின்றன.

மார்மன் சபையில் ஆண்களுக்கும் இதே கூட்டாளி விதிதான், இதே ஆறரை மணிதான். ஆகவே விதியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. அவள் ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் சந்தித்து, அவர்கள் மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசி, அவர்கள் துக்கத்துக்கு உட்கார்ந்து, சபைக்குள் அழைத்து வருகிறாள். ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தண்ணீருக்குள் இறங்குவது ஓர் ஆண். அவன் அவளைவிட வயதில் சிறிய, நேற்று வந்த ஊழியக்காரனாகக்கூட இருக்கலாம். ஆசாரியத்துவம் ஆண்களுக்கு மட்டுமே உண்டு. அந்தச் சடங்குக்குச் சாட்சியாக நிற்கும் உரிமையே பெண்களுக்கு 2019 அக்டோபரில்தான் வந்தது. கதவைத் தட்டும் உழைப்பு அவளுடையது. கதவின் சாவி வேறொருவரிடம்.

ஆனாலும் பெண்கள் போனார்கள். 2012 அக்டோபரில் பெண்களுக்கான குறைந்தபட்ச வயதை 21இலிருந்து 19ஆகச் சபை குறைத்ததும், விண்ணப்பித்த பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. இதைப் பக்தி என்று மட்டும் விளக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 19 வயதில், மணமாகாமல், பெற்றோர் ஆசியோடு, முன்பின் தெரியாத ஒரு நாட்டில் ஒன்றரை வருடம் வாழலாம் என்று வேறு யார் அவளிடம் சொன்னார்கள்? அந்த ஆசைக்குப் பெயர் வைக்க அவளுக்குக் கிடைத்த சொல் ‘அழைப்பு’. நம் ஊரில் அது ‘வேண்டுதல்’.

இந்த அழைப்பின் பழைய வடிவம் ஒன்று தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. சபை வேறு, காலம் வேறு. 1867இல் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1893இல் ஜப்பானுக்குப் போனார். 1895இல் பெங்களூர் வந்தார். அடுத்த ஆண்டு திருநெல்வேலிச் சீமைக்கு வந்தவர், 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை பிறந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. தமிழ் கற்றார், சேலை உடுத்தினார். பண்ணைவிளையிலிருந்து தமிழ்ப் பெண்கள் குழு ஒன்றோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். அந்த நாட்களின் பதிவுதான் 1903இல் வந்த ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ என்ற நூல்.

இந்த நூலுக்கு ஒரு பெருமை உண்டு. கையெழுத்துப் பிரதியை வாசித்த இங்கிலாந்துக்காரர்கள், இன்னும் கொஞ்சம் உற்சாகம் தரும்படி மாற்றித் தாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஏமி மறுத்தார். நன்கொடையாளர்களுக்குப் பிடித்த வெற்றிக் கதையை எழுத மாட்டேன் என்றார். மூடிய கதவுகளையும் தோற்றுத் திரும்பிய மாலைகளையும் அப்படியே வைத்தார். ஒரு பெண் தன்னை அனுப்பியவர்களிடமே ‘உள்ளதைத்தான் எழுதுவேன்’ என்று நின்றது சிறிய காரியமில்லை.

ஆனால் உள்ளது உள்ளபடி என்ற அந்தத் தலைப்போடுதான் எனக்கு வழக்கு. யார் கண்ணுக்கு உள்ளபடி? நூல் முழுக்க இருட்டும் வெளிச்சமும், போரும் எதிரியும். திண்ணையில் உட்கார்ந்து பேசும் தமிழ்ப் பெண்கள் அதில் இரண்டே வகை: மீட்கப்பட வேண்டியவள், மீட்பைத் தடுப்பவள். இந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கும் கிழவி, தன் உலகத்தின் கேள்வியை அறிவோடு கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்ள அந்த உரைநடையில் இடமில்லை. அந்தப் பெண்கள் இரவு வீட்டுக்குள் போய் வந்தவளைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்ற பக்கம் எழுதப்படவே இல்லை.

இதைவிடப் பெரிய மௌனம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. ஏமியின் குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை இருந்தார். மாமனார் வீட்டில் முடங்கியிருக்க வேண்டிய பெண். ஏமிக்குக் கடவுள் போட்ட கையெழுத்து, ஏமி வழியாகப் பொன்னம்மாளுக்கும் செல்லுபடியானது. குழுவில் இருந்த பெண்கள் நகைகளைக் கழற்றினார்கள். உறவுகள் அதை அவமானமாக எண்ணின. ஒரு தமிழ்ப் பெண் நகையில்லாமல், ஆண் துணையில்லாமல், ஊர் ஊராக நடந்தது மதத்தையும் தாண்டிய நிகழ்வு. நம் பெண் வரலாற்றில் அதற்கு ஓர் அத்தியாயம் கிடைத்திருக்க வேண்டும்.

1901இல் பெருங்குளத்துக் கோயில் பெண்களின் வீட்டிலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா, ஏமியின் அன்றாடத்தை மாற்றினாள். பயணம் குறைந்தது, குழந்தைகள் கூடினார்கள். பிரசங்கம் செய்ய வந்தவள் ஆயாவாக மாறலாமா என்று ஏமிக்கே தயக்கம் வந்தது. சீடர்களின் காலைக் கழுவிய இயேசுவை நினைத்து அந்தத் தயக்கத்தைத் தீர்த்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். தொட்டில் ஆட்டுவதும் பால் காய்ச்சுவதும் தாழ்ந்த வேலை என்ற எண்ணம் இருந்ததால்தான் அதற்கு ஒரு வேதவசனத்தின் முட்டு தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நெய்யூரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தை நடத்தியவர் பொன்னம்மாள். இரவெல்லாம் விழித்து, நோயுற்ற சிசுக்களைக் கவனித்து, மற்றப் பெண்களுக்கும் பழக்கினார். 1915இல் புற்றுநோயில் இறந்தார். 1918இல் ஏமி அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அன்போடு எழுதிய நூல்தான். ஆனால் பொன்னம்மாளைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஏமியின் பேனா வழியாக, ஆங்கிலத்தில் வந்தது. நடந்த கால்கள் நான்கு. எழுதிய கை ஒன்று.

மிஷன் ஆண்டறிக்கைகளில் ‘பைபிள் பெண்கள்’ என்று ஒரு வரி வரும். பக்கத்தில் ஓர் எண். மிஷனரிப் பெண்ணுக்கு மொழியைத் திருத்திக்கொடுத்தவர்கள், எந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று சொன்னவர்கள், அவள் போன பிறகும் அதே தெருவில் ஏச்சு வாங்கியவர்கள் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். வந்தவளுக்கு அது சாகசம், இருந்தவளுக்கு அது பிழைப்பு, விசுவாசம், ஊர்ப்பகை எல்லாம்.

எழுதும் கை இந்தப் பக்கத்தில் இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு கிருபாபாய் சத்தியநாதன் சாட்சி. அகமத்நகரில் மதம் மாறிய பெற்றோருக்கு 1862இல் பிறந்தவர். இங்கிலாந்து போய்ப் படிக்கும் வாய்ப்பு உடல்நலத்தால் கைநழுவ, 1878இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய ‘சகுணா’ 1887–88இல் மதராஸ் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. மிஷன் பெண்களிடம் கிடைத்த படிப்புக்கு நன்றியும், அவர்கள் இந்தியக் கிறித்தவப் பெண்ணைக் கீழே வைத்துப் பார்த்ததில் வந்த ரோஷமும் அந்த நாவலில் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்றைச் சொல்ல இன்னொன்றை அவர் மறைக்கவில்லை. அதே கல்லூரியில் பின்னர் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளை ராதாகிருஷ்ணன், மிஷனரிகளின் விமர்சனம்தான் தன்னை இந்து தத்துவத்தை ஆராயத் தூண்டியது என்று சொன்னதை எல்லாரும் அறிவோம். ஆசிரியர் தினத்தன்று ஊரே அவரைப் பேசும். முப்பத்திரண்டு வயதில் இறந்துபோன கிருபாபாயின் பதிலை எத்தனை வகுப்பறைகள் அறியும்?

கடவுளின் கையெழுத்து இல்லாமலே ஊர் ஊராக நடந்த ஒருத்தியையும் இங்கே நிறுத்த வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். ஏமி வெளியிலிருந்து வந்து பார்த்த கோயில் பெண்களின் வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர். சுயமரியாதை இயக்கத்தில் நின்று தேவதாசி முறைக்கு எதிராக மேடை ஏறினார். 1936இல் ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை வெளியிட்டார். அவருடைய பெண்கள் காப்பாற்றப்படக் காத்திருப்பதில்லை. வாதாடுகிறார்கள், திட்டமிடுகிறார்கள், ஒருவரையொருவர் வெளியே இழுக்கிறார்கள். ஏமி சிறுமிகளைக் கோயிலிலிருந்து மீட்டு, சுவர் எழுப்பிய வளாகத்துக்குள் பத்திரமாக வளர்த்தார். இராமாமிர்தம் அம்மையார் சட்டத்தைக் கேட்டார். 1947இல் மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் வந்தது. அடைக்கலம் ஒரு குழந்தையின் உயிரைக் காத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடைக்கலம் தருபவரின் நல்ல மனம் இருக்கும்வரைதான் அடைக்கலம். உரிமைக்கு அந்த நிபந்தனை இல்லை.

மதப்பணிக்குப் போன பெண்ணின் நாட்குறிப்போ கடிதமோ உங்கள் கைக்கு வந்தால், அது 1903ஆக இருந்தாலும் நேற்று வந்ததாக இருந்தாலும், மூன்றைத் தேடிப் பாருங்கள். அன்று யார் சமைத்தது? யார் மொழிபெயர்த்தது? போகலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்? அவள் கண்ட வெளியின் அளவும், அந்த வெளிக்கு வேறு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் இந்த மூன்று பதில்களில் தெரிந்துவிடும்.

என் மாணவிகளில் பலர் அரக்கோணம் தாண்டிப் போக விரும்புகிறார்கள். சிலர் நாடு தாண்டியும். அவர்களுக்கு ஓர் அழைப்போ வேண்டுதலோ இருந்தால் இருக்கட்டும். அது அவரவர் மனம். ஆனால் 19 வயதுப் பெண் தூரமாகப் போக ‘எனக்குப் போக வேண்டும்’ என்பதே போதுமான காரணமாக வேண்டும். அந்த வாக்கியத்தை வீட்டில் சொல்லிப் பழகுவதற்குத்தான் இந்தப் பழைய நூல்களை அவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறேன்.