ஐந்தரை லிட்டர் அக்கறை

பி.எம்.டபிள்யூ எம்3 காரின் ஈ46 தலைமுறையில் இருப்பது எஸ்54 என்ஜின்: 3.2 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை போகும். அந்த வேகத்தில் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். அந்த ஆயிலை வீட்டிலேயே நம் கையால் மாற்றுவது அழகான வேலை.

என்ஜின் இளஞ்சூட்டில் இருந்தால்தான் ஆயில் இளகி, அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். முதலில் மேலே இருக்கும் ஃபில்டர் மூடியைத் தளர்த்த வேண்டும். அதற்குள் நிற்கும் ஆயில் கீழே வடிந்துவிடும். பிறகு காரை ஸ்டாண்டுகளில் மட்டமாக, உறுதியாக நிறுத்தி ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றலாம்.

பழைய ஃபில்டரின் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது எனக்கு மிகப் பிடித்த கட்டம். இந்த என்ஜினில் கனெக்டிங் ராட் பேரிங் தேய்வது பலரும் அறிந்த குறை. மடிப்புகளில் மினுங்கும் துகள் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம்.

புது வாஷர், ஆயில் தடவிய புது ஓ-ரிங், டார்க் ரெஞ்சால் 25 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கிய போல்ட், 10டபிள்யூ-60 ஆயில் 5.5 லிட்டர். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் சேகரிப்பு மையத்தில் சேர்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே. வேகமான காரை ஓட்டுபவர் பலர்; அதன் உள்ளுறுப்புகளை இப்படிப் பேணுபவருக்கே அந்த வேகம் முழுதாகச் சொந்தம்.