கூறு கட்டி வரைந்தவர்

ஸ்டில் லைஃப் என்றதுமே பக்கத்தைப் புரட்டுகிறவரா நீங்கள்? “மேசைமேல் நாலு பழம். இதில் பார்க்க என்ன சார் இருக்கிறது?” என்று என்னிடம் கேட்டவர்கள் ஏராளம். கொஞ்சம் எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையை ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். ஓவியர் ழான் சிமெயோன் ஷார்தேன். 1699-ல் பாரிஸில் பிறந்து 1779-ல் அங்கேயே இறந்தவர். அப்பா பில்லியர்ட்ஸ் மேசை செய்த தச்சர். 1728-ல் அரசரின் ஓவியக் கழகம் இவரைச் சேர்த்துக்கொண்டது, விலங்குகளும் பழங்களும் வரைபவர் என்ற அடைமொழியோடு. புராணமும் போரும் வரைந்தால் அங்கே முதல் பந்தி. பழம் வரைந்தால் கடைசிப் பந்தி. படம், ‘காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை’, 1761. அகலம் 46 செ.மீ., உயரம் 38. கூடையில் கோபுரமாகப் பழம், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், இரண்டு வெள்ளைக் கார்னேஷன், ஒரு பீச், இரண்டு செர்ரி. அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். சந்தையில் பழத்தை எண்ணியும் விற்பார்கள், கூறு கட்டியும் விற்பார்கள். ஓவியர்களும் அப்படியே இரண்டு ஜாதி. டச்சுக்காரர் ஆட்ரியான் கூர்தெவும் இதே காட்டு ஸ்ட்ராபெரியை வரைந்திருக்கிறார். அவர் எண்ணி வரைபவர். ஒவ்வொரு பழமும் தனித்தனி ஆள், அதன்மேல் உள்ள விதைகூடத் தெரியும். ஷார்தேன் கூறு கட்டுகிறார். முதலில் ஒரே ஒரு சிவப்புக் கூம்பு. அதன்மேல் அங்கங்கே வெளிச்சப் பொட்டு, நடுநடுவே இருட்டு. பழம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் அவர் சொல்வதே இல்லை. நம் கண்தான் பிரித்துக்கொள்கிறது. ஒருநாள் பிடிவாதமாக எண்ண உட்கார்ந்தேன். பாதியில் கணக்குத் தப்பியது. மறுபடி எண்ணினேன், வேறு கணக்கு வந்தது. அன்றைக்குத்தான் இந்தப் படம் எனக்குப் பிடித்தது என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அதுவரை நானும் உதட்டைப் பிதுக்கியவன்தான்.

கூறு கட்டியவர் டம்ளரையும் பூவையும் ஏன் வைத்தார்? அத்தனை சிவப்புக்குப் பக்கத்தில் குளிர்ச்சி வேண்டாமா! டம்ளரைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், கூடை திகட்டிவிடும்.

“அப்படியே போட்டோ மாதிரி இருக்கு” என்பது பாராட்டு அல்ல, சோம்பேறித்தனம். அதைவிட மோசம், பழத்தைக் கண்டதும் வாழ்வின் நிலையாமை என்று பேனாவைத் திறக்கும் விமர்சகர்கள். அழுகல் இல்லை, மண்டையோடு இல்லை, எந்த நிலையாமை ஐயா? இன்னொரு கூட்டத்துக்கு விலை மட்டுமே தெரியும். 2022-ல் பாரிஸ் ஏலத்தில் 2.4 கோடி யூரோவைத் தாண்டியதாம். தாண்டட்டும். அமெரிக்காவின் கிம்பெல் அருங்காட்சியகத்துக்குப் போகவிருந்த படத்தைப் பிரெஞ்சு அரசு தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்து நிறுத்தியது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் பொதுமக்களிடமும் கையேந்திப் பணம் திரட்டி, 2024-ல் அதைத் தனதாக்கிக்கொண்டது.

பாரிஸ் போகும் வாய்ப்பு வந்தால், மோனலிசா வரிசையில் நிற்கும் நேரத்தில் பாதியை இந்தக் கூடைக்குக் கொடுங்கள். எண்ணிப் பாருங்கள். எத்தனை வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.