பாடியவர் பெயர்: ‘தெருக்குரல்’ முதல் ‘வள்ளியம்மா பேராண்டி’ வரை

முன்னுரை

தமிழில் இயலும் இசையும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. அச்சு வந்தபின் பாட்டு நூலாயிற்று; ஒலிப்பதிவு வந்தபின் இசை வணிகப் பொருளாயிற்று. திரைப்படத்தைச் சாராமல், பாடலைத் தாமே எழுதி, இசையமைத்து, பதிவு செய்து வெளியிடும் தனியிசைக் கலைஞர்கள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளனர். அவர்களுள் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு குறிப்பிடத்தக்கவர். அவருடைய மூன்று ஆக்கங்களை முன்வைத்து, ‘பாடியவர் யார்’ என்னும் வினா தனியிசையில் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பரிபாடல் காட்டும் நெறி

தொகை நூல்களுள் பரிபாடல் இசைப்பாட்டாக அமைந்தது. அதன் பாடல்கள் பலவற்றின் அடிக்குறிப்புகள் பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றனையும் தனித்தனியே தருகின்றன. பெட்டனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் முதலியோரை இசை வகுத்தோராக இன்று அறிய முடிவது இக்குறிப்புகளாலேயே ஆகும். குறுந்தொகையில் இயற்பெயர் மறைந்த புலவர்க்கு அவர்தம் பாட்டின் தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார் இதற்குச் சான்று. எனவே, பாட்டைக் காப்பதோடு பாடியவரையும் காப்பது தொகுத்தோரின் கடமையாகக் கருதப்பட்டது எனலாம்.

ஒலிப்பதிவுத் தொழில் இந்நெறியைப் பெரிதும் மாற்றியது. ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எதனைப் பதிவது, யாரைப் பாடச் செய்வது என்பவற்றை முதலீடு செய்த நிறுவனமே முடிவு செய்தது. திரைப்பாடலோ நடிகரின் பெயரால் வழங்கலாயிற்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு ஆகியவற்றை வெவ்வேறு படைப்புகளாகக் கொள்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் திரைப்பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமத்தொகையில் பங்கை உறுதிசெய்தது. ஆயினும், பலர் வாய்வழி வந்த மரபுப் பாட்டுக்கு உரியவர் யார் என்பதற்கு இத்திருத்தத்தில் விடை இல்லை.

தெருக்குரல்

இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தாக்கமே அப்பெயருக்கு அடிப்படை. அக்குழுவில் பாடிய அறிவு, ஆஃப்ரோ என்னும் இசைக்கலைஞருடன் இணைந்து 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். ‘திரு’ ‘தெரு’வாகவும், ‘குறள்’ ‘குரல்’ ஆகவும் திரிந்து, எழுதப்பட்ட அறநூலின் நிழலில் தெருவின் பேச்சை நிறுத்துகிறது தலைப்பு.

தொகுப்பில் பாடுவோரும் இசை வகுத்தோரும் இணையாகப் பெயர் பெற்றுள்ளனர். இது பரிபாடல் அடிக்குறிப்பு காட்டும் நெறியை நினைவூட்டுகிறது. ‘ஆன்டி இண்டியன்’, ‘கள்ள மௌனி’ ஆகிய தலைப்புகள் இரண்டும் விளிகள். முன்னது மாற்றுக்கருத்து உடையோர்மீது வீசப்படும் பழிச்சொல்லைத் தானே ஏந்திக்கொள்வது. பின்னது அநீதி கண்டும் வாளாவிருப்போரை நோக்கிச் சொல்லப்படுவது. சொல்லிசைக்கு அமெரிக்கத் தெருக்கள் பிறப்பிடமாயினும், இங்கு அதனைத் தாங்கி நிற்பவை மோனை, எதுகை, இயைபு ஆகிய தமிழ்த் தொடைகளே. தாளம் சொல்லுக்கு இடம்விடும் இடங்களில் இத்தொகுப்பு வெற்றி பெறுகிறது. கருத்து முழக்கமாகக் குறுகும் இடங்களில் கவிதை பின்தங்குகிறது.

எஞ்சாய் எஞ்சாமி

தீ, அறிவு ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் ஆக்கத்தில், தனியிசைக் கலைஞர்களுக்கென அமைந்த மாஜா தளத்தின் வழியாக 2021 மார்ச்சில் இப்பாடல் வெளிவந்தது. ‘என் சாமி’ என்பது பேச்சில் ‘எஞ்சாமி’ ஆகும். அவ்வொலியே ஆங்கிலச் சொல்லையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய பாட்டியின் நினைவு பாட்டின் கரு. நீர்நிலை மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் உரியது என்னும் பகுதி, கருப்பொருளையும் நிலத்தின் உரிமையாளராகக் காணும் திணைப் பார்வையை ஒத்துள்ளது.

இப்பாடலின் மற்றோர் ஊற்று ஒப்பாரி. ஒப்பாரியில் ஒரு பெண் தொடங்க ஏனையோர் சேர்வர். மூச்சும் அழுகையும் அடியின் அளவைத் தீர்மானிக்கும். ஒலிப்பதிவுக் கூடத்திலோ பாடுபவர் செவிப்பொறி அணிந்து தனியே நிற்கிறார். முன்னரே அமைந்த தாளம் மூச்சை அளந்து தருகிறது. குரல்கள் அடுக்கடுக்காகப் பின்னர்ச் சேர்க்கப்படுகின்றன. ஒப்பாரியின் சமமற்ற அடி இங்கே நேராக்கப்படுகிறது. இது இழப்பே. எனினும், ஒரு சாவு வீட்டோடு முடியும் குரல் உலகெங்கும் ஒலித்தது பேறாகும்.

2021 ஆகஸ்டில் ஓர் இசையிதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது விவாதத்தை எழுப்பியது. பாட்டை இயற்றியவர் யார் என்பது குறித்து அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கங்களை வெளியிட்டனர். அவ்விவாதத்தில் எவர் பக்கம் நின்றாலும், ஒப்பாரியைக் காலங்காலமாகப் பாடிய பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது நோக்கத்தக்கது.

வள்ளியம்மா பேராண்டி

2024இல் அறிவு வெளியிட்ட தனித்தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. இலண்டன் ஈழத்தமிழ்க் கலைஞர் எம்.ஐ.ஏ. தம் 2005ஆம் ஆண்டு முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயராகிய ‘அருளர்’ என்பதைச் சூட்டியதோடு இது ஒப்பிடத்தக்கது. அங்கு அரசியலில் அறியப்பட்ட ஆணின் பெயர் நிற்கிறது. இங்கு எழுத்து வரலாற்றில் இடம்பெறாத தோட்டத் தொழிலாளியின் பெயர் நிற்கிறது. பாடுபவர் தம்மைப் பேரன் என்னும் உறவுப்பெயரால் மட்டுமே சுட்டிக்கொள்கிறார். பாட்டின் மூலத்தைத் தலைப்பிலேயே ஏற்கும் இச்செயல், முந்தைய விவாதம் விட்டுச்சென்ற வெற்றிடத்திற்குக் கலைவழி விடையாகிறது.

முடிவுரை

தனியிசைத் தொகுப்பின் பெறுமதி குறைந்த செலவில் பதிவு செய்ய முடிவதில் மட்டும் இல்லை. யார் பாடினார், யார் இசை வகுத்தார், யாரிடமிருந்து பெற்றார் என்பவற்றைத் தாமே எழுதும் உரிமையில் உள்ளது. முதல் இரண்டையும் பரிபாடல் தொகுத்தோர் செய்து காட்டினர். மூன்றாவது இக்காலத்தின் கடமை. இது கலைஞர்க்கு மட்டும் உரியதன்று. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதும், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்ததும் பழைய வடஆர்க்காட்டு நிலப்பரப்பைப் பிரித்தன. பாட்டு அவ்வெல்லைகளை அறியாது. அரக்கோணத்திலாயினும் எல்லைக்கு அப்பால் புத்தலப்பட்டிலாயினும் வாய்மொழிப் பாட்டைப் பதிவு செய்யும் ஆய்வாளர், ‘தகவலாளி’ என்னும் பொதுச்சொல்லுக்குள் பாடுபவரை மறைக்காமல், அவர் இசைவுடன் அவர் பெயரைப் பாட்டின் அடியில் எழுதுதல் வேண்டும்.