இரண்டு பஞ்சாங்கம், ஒரே சனி

2023ஆம் ஆண்டில் சனி மகரத்திலிருந்து கும்பத்துக்கு இரண்டு முறை பெயர்ந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது இரண்டாவது தேதியில்தான். வானத்தில் இருப்பது ஒரே சனி. ஏடுகளுக்கு நடுவே பதினொரு மாத இடைவெளி.

இந்த இடைவெளியைப் பார்த்ததும் இரு தரப்பும் அவசரமாகத் தீர்ப்பு எழுதிவிடுகின்றன. ஒரு தரப்புக்குப் பழைய காலக்கணிதம் முழுவதும் மூடத்தனம். மறு தரப்புக்கு நவீன வானியலே நம் முன்னோரிடம் கடன் பட்டது. இரண்டு தரப்பும் கலந்து பேசும் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் நியாயம் கிடைக்கும்: காலத்தை அளக்கும் அலகு, அந்த அலகில் எழுதிய எண், அந்த எண்ணைப் பற்றி நாம் இன்று அடிக்கும் பெருமை. அலகு நன்று. எண் பழசாகிவிட்டது. பெருமையில் பாதி பொய்.

அலகிலிருந்து தொடங்குவோம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். நாழிகைக்கு 60 விநாடி. அதாவது பஞ்சாங்க விநாடி இன்றைய 24 நொடி. விநாடிக்கு 6 பிராணன். ஒருவர் நிதானமாக மூச்சை இழுத்து விடும் நேரம், 4 நொடி. பெருக்கினால் ஒரு நாளுக்கு 21,600 பிராணன். வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை. அதையும் பெருக்கினால் 21,600. இது தற்செயல் அல்ல. ஒரு மூச்சு விடும் நேரத்தில் விண்மீன் மண்டலம் ஒரு கலை நகரும்படி நேரமும் கோணமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன. 499இல் ஆரியபட்டர் அதைத் திருப்பிப் போட்டு, பிராணனுக்கு ஒரு கலை வீதம் பூமி சுழல்கிறது என்றார். இன்றைய வானியலாளர்களும் விண்மீனின் இடத்தை மணி, நிமிடக் கணக்கில்தான் குறிக்கிறார்கள். 4 நொடிக்கு ஒரு கலை என்பதுதான் அவர்களுக்கும் மாற்று விகிதம்.

திதி இன்னும் நேர்த்தியான அலகு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள கோண இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி முடிகிறது. சந்திரனின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி 20 மணி நேரத்தில் முடியும். இன்னொன்று 26 மணி நேரத்தையும் தாண்டும். ஆக, திதி என்பது ஓடிய நேரத்தின் அளவு அல்ல. இரு ஒளிகளின் நிலையைச் சொல்லும் அளவு. இதன் பலவீனமும் இங்கேயே பிறக்கிறது. நாழிகையைத் துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு எவரும் அளக்கலாம். திதி எப்போது முடிகிறது என்பதைக் கணிதம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அவர் தவறினால் ஊரே தவறும். தவறியது ஊருக்குத் தெரியவும் வராது.

அந்தக் கணிதம் எவ்வளவு கூர்மையானது? சூரிய சித்தாந்தத்தின் எண்களை வகுத்தால் அமாவாசைக்கு அமாவாசை சராசரி 29.530588 நாள். இன்றைய மதிப்பு 29.530589. பல நூற்றாண்டு கிரகணங்களைக் கணக்கில் கொண்டவர்களுக்கே வாய்க்கும் துல்லியம் இது. அது ஒரே நாளில் வந்ததும் அல்ல. வேதாங்க ஜோதிடத்தில் ஐந்தாண்டு யுகத்துக்கு 1,830 நாள். ஆண்டு 366 நாள் என்றாகிறது, முக்கால் நாள் பிழை. அந்தப் பிழையைச் சில நிமிடங்களாகச் சுருக்கியவர்கள் பின்வந்த சித்தாந்தக்காரர்கள். முன்னோர் சொல் என்று அவர்கள் 366இலேயே நின்றிருந்தால் நமக்கு ஆரியபட்டர் கிடைத்திருக்க மாட்டார்.

புதுச்சேரி இதற்கு இரண்டு சாட்சிகளைத் தருகிறது. சூரியனை வெள்ளி கடப்பதைக் காண வந்து, 1769இல் மேகம் மறைத்து ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி, அங்கே தமிழ்க் கணக்கர்களிடம் கிரகணம் கணிக்கக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அந்த முறையில் கணித்தபோது பிழை 41 நொடி. ஐரோப்பா மெச்சிய டோபியாஸ் மேயரின் அட்டவணையில் பிழை 68 நொடி. பெருமை பேசுவோர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள்.

அடுத்த சாட்சி ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய அவரது ‘கால சங்கலித’ 1825இல் வெளியானது. சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு கிரகணம் கணித்த ஒரு புதுச்சேரிக் கணக்கரை அவர் சந்தித்தார். அந்த ஆண்டு நடந்த சந்திர கிரகணத்துக்கு அந்தக் கணக்கர் சொன்ன தொடக்க நேரத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. ஒரு துண்டுத் தாள் இல்லாமல் இதைச் செய்தது வியப்புதான். ஆனால் ஒரு முறை நொடிக் கணக்கிலும் மறு முறை மணிக் கணக்கை நெருங்கியும் பிழை வருகிறதென்றால், ஒற்றை வெற்றியை வைத்து அந்த முறையை எடை போட முடியாது. வாரன் இன்னொன்றும் குறித்தார்: அந்தக் கணக்கருக்குக் கணிதத்தின் பின்னுள்ள கோட்பாடு எதுவும் தெரியாது. வாய்பாடு கைமாறி வந்திருந்தது, அதைத் திருத்தும் அறிவு வழியிலேயே நின்றுவிட்டது. இதுதான் நோயின் வேர்.

சந்திரனின் கணக்கு இதை நன்றாகக் காட்டும். பழைய முறையில் சந்திரனின் வேக மாறுபாட்டுக்கு அதிகபட்சத் திருத்தம் ஏறக்குறைய 5 பாகை. பௌர்ணமி, அமாவாசைகளில் இது சரியாகவே பொருந்தும். அரை நிலாக் காலமான அஷ்டமியில் உண்மையான மாறுபாடு ஏழரைப் பாகை வரை போகும். காரணம் எளிது: கிரகணம் வருவது பௌர்ணமியிலும் அமாவாசையிலும்தான். கண்ணால் சரிபார்க்க முடிந்த இடத்தில் எண் கூர்மையானது. சரிபார்க்காத இடத்தில் மழுங்கியே கிடந்தது. இந்தக் குறையைப் பத்தாம் நூற்றாண்டிலேயே முஞ்ஜாளர் உணர்ந்து தனித் திருத்தம் சொன்னார். வாக்கிய முறைக்குள் அது வரவில்லை. அஷ்டமி, நவமித் திதிகளில் இரு பஞ்சாங்கங்களும் சில மணி நேரம் வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆண்டின் நீளத்திலும் இதே கதை. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. அதாவது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. உண்மையான நட்சத்திர ஆண்டு இதைவிட 3 நிமிடம் 20 நொடி குறைவு. ஆரியபட்டர் காலத்துக்கு அது அருமையான எண். 1,500 ஆண்டுகள் தொடாமல் விட்டதில் மூன்றரை நாள் சேர்ந்துவிட்டது. பருவ ஆண்டோ நட்சத்திர ஆண்டைவிட 20 நிமிடம் சிறியது. 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவம் நழுவுகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். உத்தராயணம் என்று நாம் கொண்டாடுவது ஜனவரி நடுவில். விண்மீனைக் குறியாகக் கொண்டு ஆண்டை எண்ணுவது தவறில்லை, அது ஒரு தேர்வு. அப்படி எண்ணிய ஆண்டைப் பருவத்தின் தொடக்கம் என்று அழைப்பதுதான் தவறு. 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு இதைத்தான் சுட்டியது. 1957 மார்ச் 22இல் தேசிய நாள்காட்டி வந்தது. அரசிதழில் இருக்கிறது, அடுக்களைச் சுவரில் இல்லை.

இனிப் பெருமைக்கு வருவோம். ஆரியபட்டர் சொன்ன பூமியின் சுழற்சி எண்ணிக்கையை வகுத்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 நொடி, இன்றைய மதிப்பும் அதுவே என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். எண் சரி. ஆனால் ஆண்டு 365.25 நாள் என்று மட்டும் தெரிந்த எவரும் 365.25ஐ 366.25ஆல் வகுத்தால் அதே விடைதான் வரும். ஆரியபட்டரின் பெருமை பூமி சுழல்கிறது என்று சொன்ன துணிவில் இருக்கிறது; தசமப் புள்ளியில் இல்லை.

கல்பம் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, ஆகவே முன்னோர் அறிந்திருந்தார்கள் என்பது இன்னொரு முழக்கம். மரபின் கணக்குப்படி இந்தக் கல்பம் இன்னும் முடியவில்லை. கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுதான். ஒப்பிட வேண்டிய எண் அதுதான், அது பொருந்தவில்லை. கோள்கள் அனைத்தும் முழுச் சுற்றுகளை முடிக்கும்படி ஒரு பொதுக் காலத்தை எடுத்து, பின்னமில்லாமல் கணக்கெழுத உதவியது யுகம் என்னும் பேரெண். அந்த உத்தியைப் பாராட்டலாம். அதைப் புவியியலாக்க வேண்டாம்.

சூரியன் அரை நிமிஷத்தில், அதாவது கண்ணிமைப்பில் பாதி நேரத்தில், 2,202 யோசனை செல்வதாக வேத உரையாசிரியர் சாயணர் எழுதியதை ஒளியின் வேகம் என்று காட்டுவதும் இப்படியே. மனுவில் ஒரு காஷ்டைக்கு 18 நிமிஷம், விஷ்ணு புராணத்தில் 15. யோசனையின் நீளமோ நூலுக்கு நூல் மாறும். விடைக்கு ஏற்ற அலகைப் பொறுக்கி எடுத்தால் எந்த எண்ணும் பொருந்தும். நொடியில் 33,750இல் ஒரு பங்கான துருடியை அணுக்கடிகாரத்தோடு ஒப்பிடுவதும் வீண். அதை அளக்க அன்று கருவி இல்லை. வகுத்துப் பெயரிட்டார்கள், அவ்வளவே.

வாக்கியத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. கோயில் விழா வானியல் ஆய்வு அல்ல. தலைமுறைகள் ஒரே நாளில் கூடுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். வழிபாட்டுக்கு அது போதும். ஆனால் ‘சனி இன்று இந்த ராசியில் இருக்கிறது’ என்று அச்சிடும் கணத்தில் அது வானத்தைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது. அந்தக் கூற்றை வானத்தோடு ஒப்பிடும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

ஒப்பிட்டுத் திருத்துவது மேலைநாட்டுச் சரக்கு என்போருக்கு ஒன்று சொல்லலாம். சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1860களின் இறுதியிலேயே கண்கண்ட கணிதப்படி பஞ்சாங்கம் வெளியிட்டார். அவருக்கு நான்கு நூற்றாண்டு முன்பு கேரளத்தில் நிளா நதிக்கரையில் பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைப் பார்த்து, வழக்கிலிருந்த எண்கள் வானத்தோடு ஒத்துவரவில்லை என்று கண்டு, அவற்றைத் திருத்தி நூல் எழுதினார். அதன் பெயர் ‘திருக்கணிதம்’. ஆண்டு 1431.